ஆங்கிலம் அறிவோம்: கூட்டமும் நெரிசலும்



தமிழில் 'கூட்டம்' என்பது பெருமனம் படைத்த சொல். திருவிழாவுக்குத் திரண்டவர்களும் கூட்டம். சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டமும் கூட்டம். கலகம் செய்ய வந்தவர்களும் கூட்டம். காட்டு யானைகளும் கூட்டம். முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு நாம் பொருளை உணர்ந்துகொள்கிறோம். ஆங்கிலமோ ஒவ்வொரு வகைக் கூட்டத்திற்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது. சில பெயர்களிலேயே அக்கூட்டம் நல்லதா தீயதா என்னும் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. ஆகவே, சொல்லைத் தேர்வதில் கவனம் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியின் நிமித்தம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. நாற்பது பேர், பெரும்பாலோர் பெண்கள், காலைப் பெரட்டு முடிந்ததும் அலுவலக வாசலில் சென்று அமைதியாக நின்றனர். அன்று நிர்வாகியைக் காண இயலவில்லை. மறுநாள், படித்த இளைஞர் ஒருவர் அவர்கள் சார்பில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அகராதியைப் புரட்டினார், 'கூட்டம்' என்பதற்கு நேராக நான்கைந்து சொற்கள் இருந்தன. எழுத எளிதாக இருந்த 'மொப்' என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டார். "நேற்று நாற்பது பேர் கொண்ட மொப் ஒன்று தங்கள் அலுவலகத்திற்கு வந்தது" என்று கடிதம் அமைந்தது. மொப்புடன் பேசுவதற்கில்லை என்று பதில் வந்தது. தண்ணீரைப் பற்றிய பேச்சுத் தொடங்குவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. இளைஞரின் எண்ணம் நல்லது. அகராதி சொன்னதும் பொய்யன்று. ஆனால், அச்சொல்லின் குணத்தை அகராதி அவருக்குச் சொல்லவில்லை. அக்குணத்தை இத்திங்கள் நாம் அறிந்துகொள்வோம்.

மக்கள் திரளும்போது

'கிரவுட்' என்பது பொதுச்சொல். நிறையப் பேர் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறாது. நன்மை தீமை இரண்டுக்கும் பொருந்தும். ஐயம் ஏற்பட்டால் இச்சொல்லைக் கையாளலாம்.

'மொப்' என்பது கட்டுக்கடங்காத கும்பல். இதன் இறுதி ஒலி, 'தம்பி' என்னும் சொல்லிலுள்ள பகரம் போல மென்மையாக ஒலிக்கும். 'நிலையில்லாத பாமரத் திரள்' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் சுருக்கியதால் பிறந்த சொல் இது. பிறப்பிலேயே இகழ்ச்சி கலந்திருப்பதால், நம்மை நாமே இச்சொல்லால் குறித்துக்கொள்ளலாகாது.

'த்ரோங்' என்பது நெருக்கியடித்துத் திரண்ட மக்கள் வெள்ளம். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளிலும் ஏறும் பக்தர்களை இச்சொல்லால் குறிக்கலாம்.

'ஆடியன்ஸ்' என்பதன் வேர், 'கேட்டல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஆகவே, சொற்பொழிவையும் நாடகத்தையும் கேட்டிருப்போர் ஆடியன்ஸ். காற்பந்தாட்டத்தைப் பார்ப்போர் 'ஸ்பெக்டேட்டர்ஸ்'. அதன் வேர் 'பார்த்தல்'. வழிபாட்டுக்குக் கூடியோர் 'கொங்கிரிகேஷன்'. அதற்குள் 'மந்தை' என்னும் இலத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. மேய்ப்பனும் மந்தையும் என்று எண்ணிப் பாருங்கள், பொருள் விளங்கும்.

பலர் சார்பில் பேசுவதற்குச் சிலர் சென்றால் அவர்கள் 'டெலிகேஷன்', அதாவது பேராளர் குழு. மேற்சொன்ன நாற்பது பேரும் தங்களுள் ஐவரை அனுப்பி, கடிதத்தில் இச்சொல்லை எழுதியிருந்தால் எவ்வளவு கண்ணியமாக இருந்திருக்கும்! நாற்பது பேரும் சென்றதையே எழுத வேண்டுமாயின் 'குரூப்' என்னும் எளிய சொல் போதும்.

சட்டத்தின் பார்வை

பள்ளிப் பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்பதை 'அசெம்பிளி' என்கிறோம். இச்சொல் சட்டத்திலும் வருகிறது. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் ஒன்றுகூடும் உரிமையைக் கூறுகிறது. அவ்வுரிமையை முறைப்படுத்தும் சட்டம் 2012இல் வந்தது. அதன் பெயரிலும் அசெம்பிளி உண்டு. தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவிலோ அச்சொல்லுக்கு முன் 'அன்லோஃபுல்' என்னும் அடைமொழி சேர்கிறது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ, வன்முறையால் அச்சுறுத்துவது போன்ற தகாத பொது நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். வெறும் எண்ணிக்கை குற்றமாகாது, நோக்கமே குற்றமாக்குகிறது. ஆகவே, ஒரு சம்பவத்தைப் பற்றி வாக்குமூலம் எழுதுவோர், எத்தனை பேர், எதற்காக, எப்படி நடந்துகொண்டனர் என்பவற்றைத் தெளிவாக எழுதுதல் நலம்.

அடைத்தலும் திணித்தலும்

'கிரவுட்' என்பதன் பழைய பொருள் 'நெருக்குதல், தள்ளுதல்' என்பதே. கூட்டத்திற்கும் நெரிசலுக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு! இனி, அடைத்தலைக் குறிக்கும் சொற்களைக் காண்போம்.

'பேக்' என்பது ஒழுங்காக அடுக்குதல். ஊருக்குப் புறப்படுமுன் பெட்டியில் துணி அடுக்குகிறோமே, அது. 'ஸ்டஃப்' என்பது உள்ளே இட்டு நிரப்புதல். தலையணையில் பஞ்சு அடைப்பது போல. 'கிரேம்' என்பது கொள்ளளவுக்கு மேல் திணித்தல். தேர்வுக்கு முதல்நாள் இரவு பாடங்களை அவசரமாக மனத்தில் ஏற்றுவதற்கும் இச்சொல்லே. 'ஸ்குவீஸ்' என்பது பிழிதல். எலுமிச்சம்பழத்திற்கும், மூவர் அமரும் பலகையில் நால்வர் நெருங்கி அமர்வதற்கும் பொருந்தும். 'ஜேம்' என்பது அசையமுடியாதபடி சிக்கிக்கொள்ளுதல். சாலை நெரிசலுக்கு நாம் நாள்தோறும் சொல்வது.

நாம் 'புளிமூட்டை போல' என்கிறோம். ஆங்கிலேயர் 'டின்னில் அடைத்த சார்டின் மீன் போல' என்பர். இரண்டும் ஒரே நெருக்கத்தைத்தான் சொல்கின்றன.

ஆள் ஏற்றும் லாரியைப் பற்றிப் புகார் எழுதும்போது இரு சொற்கள் உதவும். 'ஓவர்கிரவுடட்' என்பது இட நெருக்கடியையும், 'ஓவர்லோடட்' என்பது எடை மிகுதியையும் குறிக்கும். இரண்டும் ஆபத்தே. 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், பட்டர்வொர்த் பெர்ரித் துறையில், விழாவுக்காகப் பினாங்கு செல்லத் திரண்டிருந்த மக்களின் பளுவில் நடைமேடை இடிந்து விழுந்து 32 பேர் உயிரிழந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

பழியைச் சுமத்தும் சொல்

இறுதியாக இரு சொற்கள். 'ஸ்டேம்பீட்' என்பது ஸ்பானிய மொழிவழி வந்தது. மிரண்ட மாட்டுமந்தை தறிகெட்டு ஓடுவதைக் குறித்தது. 'கிரஷ்' என்பது நகர இடமின்றி நசுக்கப்படுவது. முன்னது ஓடியவர்கள்மீது பழி சுமத்தும். பின்னது இடத்தையும் ஏற்பாட்டையும் நோக்கிக் கேள்வி எழுப்பும்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ காற்பந்துத் திடலில் வேலியடைத்த பகுதிக்குள் அளவுக்கு மீறி மக்கள் நெருங்கினர். மாண்டோர் தொகை பின்னர் 97 எனக் கணக்கிடப்பட்டது. ரசிகர்களே காரணம் என்று அந்நாளில் பழி கூறப்பட்டது. அவர்கள்மீது பிழையில்லை என்று 2016இல்தான் மரண விசாரணை மன்றத்தின் நடுவர் குழு முடிவு கூறியது. 27 ஆண்டுகள்! அங்கே நேர்ந்தது கிரஷ். பிழையற்றவர்களைக் குற்றவாளிகளாக்க ஒரு சொல் போதும். அதைத் துடைக்க ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

பயிற்சி

பொருத்தமான ஆங்கிலச் சொல்லைக் கூறுக.

1. தோட்ட மண்டபத்தில் நாடகம் கேட்டு மகிழ்ந்தோர்.
2. திடலோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்தோர்.
3. நிர்வாகியிடம் பேச அனுப்பப்பட்ட ஐவர்.
4. கடைக்குத் தீ வைத்த கும்பல்.
5. சாக்கில் கொள்ளளவுக்கு மேல் திணித்தல்.

விடைகள்: 1. ஆடியன்ஸ். 2. ஸ்பெக்டேட்டர்ஸ். 3. டெலிகேஷன். 4. மொப். 5. கிரேம்.

இச்சொற்களை ஒரு தாளில் எழுதி, வீட்டில் கடிதம் எழுதும் பிள்ளையின் மேசைமீது ஒட்டிவையுங்கள். அடுத்த முறை தண்ணீருக்காகவோ சாலைக்காகவோ எழுதும்போது, அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.