அத்தி பூக்கிறது

நெடுநாள் காணாத நண்பர் வந்தால், "அத்தி பூத்தாற்போல வந்தீரே!" என்று வரவேற்கிறோம். பூவாமலே காய்ப்பதாகத் தோன்றும் மரங்களுக்குக் 'கோளி' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அத்தி உண்மையிலேயே பூப்பதில்லையா? இந்த ஐயத்தை என்னுள் கிளப்பியது, கிழக்கேகோட்டை மதிற்சுவரின் வெடிப்பில் தழைத்து நின்ற ஓர் அரசங்கன்று.

அரசு, ஆல், அத்தி, இத்தி ஆகிய நான்கும் ஒரு குடும்பத்து உடன்பிறப்புகள். கோட்டைக்கு எதிரே சாலைக் கடைத்தெருவின் மருந்துக் கடைகளில் 'நால்பாமரப்பட்டை' என்று விற்பது இவற்றின் பட்டைதான். அத்திக்காய் ஒன்றைப் பிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். நாம் காய் என்பது காயன்று. உட்புறமெங்கும் சிறு பூக்கள் பதிந்த மூடிய பூங்கொத்து! அத்தி பூக்கிறது, நம் கண்ணுக்கு மறைவாகப் பூக்கிறது.

மூடிய மலருக்கு மகரந்தம் கொணர்வது யார்? எள்ளளவே உள்ள ஒரு குளவி. பெரும்பாலும் ஒவ்வொரு மர இனத்துக்கும் தனிக் குளவியினம் உண்டு. காயின் நுனித் துளையில் நெருக்கி நுழைகையில் பெண்குளவியின் சிறகுகள் ஒடிகின்றன. அது மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. சில வாரங்களில் அதன் மக்கள் வளர்ந்து விடுகின்றன. சிறகற்ற ஆண்கள் பெண்களைக் கூடி, வெளியேற வழி குடைந்துவிட்டு இறக்கின்றன. பெண்களோ மகரந்தம் சுமந்து பறக்கின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாளே! ஒரு மரத்துக் காய்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருப்பதால், அதற்குள் வேறொரு மரத்தை அடைந்தாக வேண்டும். மணமே அவற்றுக்கு வழிகாட்டி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ரெனே போர்ஜஸ் அம்மையாரும் அவர்தம் மாணவரும் இம்மணத்தூதை அத்தி மரத்திலேயே ஆராய்ந்துள்ளனர்.

இச்சிறு குளவி எவ்வளவு தூரம் செல்லும்? ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைநிலத்தில், நம் அத்திக்கு உறவான சிக்கமோர் அத்தியை ஆராய்ந்தனர். விதைவழி வந்த கன்றுகளின் மரபணுக்களை, அங்குள்ள மரங்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டுத் தந்தை மரங்களைக் கண்டறிந்தனர். 2009-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது: காற்றேறிய குளவிகள் 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டு சென்றிருந்தன!

எனவே, தனித்து நிற்கும் மரம் தனி மரமன்று. கோட்டைச் சுவரின் அரசங்கன்றுக்கு விதை தந்தது ஏதோவொரு பறவையாகலாம். தாய் அருகிலேயே இருக்கலாம். ஆனால் தந்தை எந்த ஊர் மரமோ, யாரறிவார்?

இவ்வுறவு வலியது, எனினும் எளிதில் அறுபடக் கூடியது. மரங்கள் குறையக் குறைய, ஓரிரு நாள் வாழும் குளவி தன் இலக்கைக் காணாமலே மடியும். வெப்பம் சில பாகை உயர்ந்தாலும் குளவிகளின் ஆயுள் சில மணி நேரமாகச் சுருங்குமெனச் சிங்கப்பூரில் நான்கு குளவியினங்களை ஆராய்ந்தோர் 2013-இல் எச்சரித்தனர். குளவி போனால் விதையில்லை. மைனாவுக்கும் வௌவாலுக்கும் பழமுமில்லை.

மதிலைக் காக்கக் கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும். அதைக் குளக்கரையிலோ தெருவோரத்திலோ நடலாமன்றோ? சாலையை அகலமாக்க ஓர் ஆலையோ அரசையோ வெட்டுமுன், அதை நம்பிப் பறந்துவரும் உயிரையும் கணக்கிற் சேர்ப்போம். அத்தி பூப்பது நம் கண்ணுக்குத் தெரியாவிடினும், குளவிக்குத் தெரியும்.