எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள்?

அன்புத் தங்கைக்கு,

பிஎச்டி வைவா நல்லபடியாக முடிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஹைதராபாத் ஜீனோம் வேலியில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது, இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் என்னை இன்னும் தொடக்கநிலை விஞ்ஞானியாக ஏற்பார்களா என்று கேட்டிருந்தாய். கணக்குப் போடுவது யார் என்பதைப் பொறுத்தது அது.

நம் அரசின் இரண்டு திட்டங்களையே பார். இன்ஸ்பையர் ஃபேகல்டி ஃபெலோஷிப்புக்குப் பொதுப்பிரிவில் வயது 32-ஐத் தாண்டக் கூடாது. சிலருக்குத் தளர்வு உண்டு. 2024-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட விஞ்ஞான் யுவா விருதுக்கோ 45 வயதுவரை இளம் விஞ்ஞானிதான். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிதி வயதைக் கேட்பதே இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பின் 2 முதல் 7 ஆண்டு என்று எண்ணி வந்தது. தாயானவருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டிக் கொடுத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் பட்டத்துக்குப் பின் 10 ஆண்டுவரை தொடக்கநிலைத் தகுதி தருகிறது. ஆனால் அதற்குள் பெரிய நிதி ஒன்றைத் தனிப்பொறுப்பில் பெற்றுவிட்டால் அந்தத் தகுதி போய்விடும்.

வயதை அளவுகோலாக வைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். வீட்டுக் கடனை அடைக்கச் சில வருஷம் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு முப்பதில் பிஎச்டி சேரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! பட்டம் வாங்கும் நாளில் அவர்களும் புதியவர்கள்தானே? உன் ஹைதராபாத்திலேயே, பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் இந்தியா அலையன்ஸ் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நிறுவிய அந்த அமைப்பு, வயதை விட்டுவிட்டு, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்தை எண்ணுகிறது. ஆய்விலிருந்து விலகியிருந்த காலத்தையும் கருத்தில் கொள்கிறது.

கம்பெனிக் கணக்கு வேறு. அங்கே அனுபவம்தான் பேச்சு. உன் பிஎச்டி ஆண்டுகளை ஒரு நிறுவனம் அனுபவமாகச் சேர்க்கும், இன்னொன்று உன்னை ஃப்ரெஷர் என்று உட்கார வைக்கும். சம்பளம் பேசுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடு. அதைவிட முக்கியம், அங்கே செய்யும் வேலைக்கு வெளியே சாட்சி இருக்குமா என்பது. இரகசிய ஒப்பந்தம் காரணமாகக் கட்டுரை வராமல் போகலாம். திரும்பி வரும்போது தேர்வுக்குழு உன் இரண்டு வருஷத்தை வெற்றிடமாகப் பார்க்கும், ஆனால் கடிகாரம் மட்டும் ஓடியிருக்கும். ஆகவே எதைப் பிரசுரிக்க அனுமதிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. காப்புரிமை நிறுவனத்துக்கே போனாலும், கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பிட 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காதே.

போவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். வேலை பிடித்திருந்தால் போ. ஆனால் முதலில் உன் வயதை எண்ணும் திட்டங்களைத் தனியாக எழுதி, அவற்றுக்கு இந்த ஆண்டே விண்ணப்பி. பட்டத்திலிருந்து எண்ணுபவை கொஞ்சம் பொறுக்கும். பட்டத் தேதி என்று அவர்கள் சொல்வது வைவா நாளா, தற்காலிகச் சான்றிதழின் நாளா, பட்டமளிப்பு விழா நாளா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் பார். தெளிவாக இல்லாவிட்டால் மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள். பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழுக்கு இந்த வாரமே மனுக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்