அப்பாவின் காடி யாருக்கு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும், பல வீடுகளில் ஃபைல் நம் கைக்குத்தான் வரும். “நீதானே படிச்ச பிள்ளை, ஜேபிஜேக்குப் போய் என்னன்னு பாரு” என்பார்கள். அதனால் இந்த மாதப் பாடம்: இறந்தவர் பெயரில் உள்ள வாகனத்தை எப்படிப் பெயர் மாற்றுவது?

1. சாவி வேறு, உரிமை வேறு

சாதாரணமாகப் பெயர் மாற்ற, விற்பவரும் வாங்குபவரும் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். இறந்தவரால் அது முடியாது. அப்பாவின் கையெழுத்தை நாமே போடுவது குற்றம். “நான்தானே ஓட்டுறேன்” என்பதாலும் காடி நமக்குச் சொந்தமாகிவிடாது.

உயில் இல்லையென்றால், தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம்தான் பங்கைச் சொல்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். அப்பாவின் காடி 24,000 ரிங்கிட். வீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள்.

அப்பாவின் பெற்றோர் இல்லை என்றால்: அம்மாவுக்கு 3இல் 1 பங்கு, 8,000. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8,000.

அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால்: அம்மாவுக்கு 4இல் 1 பங்கு, 6,000. பாட்டிக்கும் 6,000. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6,000.

பாட்டிக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காடியை நாலாக வெட்ட முடியாது. அதனால் ஒருவர் பெயருக்கு மாற்ற, மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

2. எந்த வாசலுக்குப் போவது?

பொறியியல் மாணவன் என்பதால் எனக்கு எல்லாமே ஃப்ளோ சார்ட்தான்.

• உயில் இருக்கிறதா? வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றம்.
• உயில் இல்லை, வீடு நிலமும் இல்லை. காடி, வங்கிப் பணம் எல்லாம் சேர்த்து 600,000 ரிங்கிட்டுக்குள்தானா? அமானா ராயா.
• உயில் இல்லை, ஆனால் வீடோ நிலமோ உண்டு. மொத்தம் 5 மில்லியனுக்குள்தானா? சிறு சொத்துகளைப் பிரித்துத் தரும் புசாகா கெச்சில் பிரிவு.
• இவை எதிலும் அடங்கவில்லையா? மறுபடியும் உயர் நீதிமன்றம்.

அங்கே கிடைக்கும் உத்தரவு, மரணச் சான்றிதழ், கிரான், வாகனச் சோதனை அறிக்கை ஆகியவற்றோடுதான் ஜேபிஜே. நேராக ஜேபிஜே போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

3. காத்திருக்கும்போது

கடன் பாக்கி இருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். வாடகைக் கொள்முதல் கடன் எடுத்தவர் இறந்துவிட்டால், தொடர்ந்து 4 தவணை தவறிய பிறகுதான் காடியை இழுக்கலாம் என்கிறது சட்டம். அது மூச்சு விட ஒரு அவகாசம்தான். கடன் தள்ளுபடி அல்ல.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கும்வரை காடியை வெளியே எடுக்காதீர்கள். இறந்தவர் பெயரில் புதிய இன்சூரன்ஸ் எடுக்க முடியாது; இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டெக்ஸ் இல்லை. என்சிடியும் ஆளுக்கு உரியது, காடிக்கு அல்ல. அப்பாவுக்கு 55% இருந்தது என்று உங்களுக்கும் அதையே எதிர்பார்க்காதீர்கள்.

4. தள்ளிப்போட்டால்

என் பெரியப்பா இறந்தபோது, “இப்பவே சொத்துப் பேச்சா?” என்று பெரியவர்கள் தடுத்தார்கள். துக்கத்தில் சொன்னது, தப்புச் சொல்ல முடியாது. மூன்று வருடம் அவருடைய மைவி வாசலிலேயே நின்றது. அதற்குள் பாட்டியும் தவறிவிட்டார். பாட்டியின் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போனது. நாலு கையெழுத்தில் முடிய வேண்டியது எட்டானது. ஓர் அத்தை ஜொகூரிலிருந்து லீவு போட்டு வந்தார். அந்தக் காடியால் யாரும் சண்டை போடவில்லை, அதுவரை சந்தோஷம். ஆனால் டயரும் பேட்டரியும் போய், விலையும் பாதியாகிவிட்டது.

கேட்டுக் கையெழுத்து வாங்குவது பேராசை அல்ல. “உங்களுக்கும் இதில் உரிமை இருக்கு” என்று பாட்டியிடமும் தங்கச்சியிடமும் ஒத்துக்கொள்கிறோம். இறந்தவருக்குச் செய்யும் கடமையில் இதுவும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டு வாகனங்களின் கிரான் எங்கே இருக்கிறது? யார் பெயரில்?
2. அவற்றில் கடன் பாக்கி உண்டா?
3. உயில் பற்றி அப்பா அம்மாவிடம் மரியாதையாக எப்படிப் பேச்சை எடுப்பீர்கள்?