நீல மூடிக் குழாய் சொல்வதும் சொல்லாததும்

தலத்தெரு,
காரைக்கால்.

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 2016இல் ஜிப்மர் நம் காரைக்காலுக்கே வந்ததால்தான், வீட்டிலிருந்தபடியே நீ டாக்டருக்குப் படிக்கிறாய். மாமாவுக்கு அதில் பெரிய சந்தோஷம். தசைத் தளர்வை நீக்கும் சுகமாடெக்ஸ், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துமா என்று கேட்டிருக்கிறாய். ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

தளர்வை நீக்கும் பழைய மருந்தான நியோஸ்டிக்மின், தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தை நேரடியாகத் தொடாது. தசைக்கு நரம்பின் செய்தியைக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைப் பெருக்கி, ரோகுரோனியத்துடனான போட்டியில் அதை ஜெயிக்க வைக்கும். சுகமாடெக்ஸ் எட்டு சர்க்கரை அலகுகள் சேர்ந்த வளையம். நடுக்குழியில் ரோகுரோனியத்தைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015 டிசம்பரிலும் அனுமதி பெற்றது.

உறைவு விஷயத்துக்கு வந்தால், ஆரோக்கியமானவர்களுக்குச் சுகமாடெக்ஸைக் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தபோது, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி, பிடி இரண்டும் 25 சதவீதம் வரை நீண்டன. ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. வழக்கமாகக் கொடுப்பதோ 2 அல்லது 4 மில்லிகிராம்தான்.

ஏபிடிடி பார்ப்பது எப்படி? நீல மூடிக் குழாயில் சிட்ரேட் கலந்த ரத்தம் வரும். சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரியில் வைத்து, பாஸ்போலிப்பிட் உள்ள வினைப்பொருளைச் சேர்ப்போம். பிறகு கால்சியம் விட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். அரை நிமிடம் போல ஆகும். உறைந்த இழை தட்டுப்பட்டதும் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிடுவோம். இப்போது இயந்திரம் பார்க்கிறது. 2016இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, சுகமாடெக்ஸ் அந்த பாஸ்போலிப்பிட்டையே பற்றிக்கொள்வதால்தான் நேரம் நீள்கிறது என்று காட்டியது. அதாவது தடங்கலில் பெரும்பங்கு நம் குழாய்க்குள்ளே. நோயாளியின் உடம்பில் அவ்வளவு இல்லை.

அதற்கு முன்பே, 2014இல், ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டே இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், சுகமாடெக்ஸ் பெற்றவர்களிடம் ரத்தப்போக்கு கூடவில்லை. எனக்கு இதுதான் முக்கியமான சான்று. ஆனாலும் பிறவியிலேயே உறைவுக் குறை உள்ளவர்களையும், முழு அளவில் ஹெப்பாரினோ வார்ஃபரினோ எடுப்பவர்களையும் இதை வைத்து எடைபோடாதே. அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அறுவை முடிந்த உடனே ரத்தம் எடுத்து அனுப்பினால், சுகமாடெக்ஸ் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று பரிசோதனைச் சீட்டில் எழுது. எழுதாவிட்டால், நீண்டு வந்த எண்ணைப் பார்த்து யாரோ தேவையில்லாமல் பிளாஸ்மா ஏற்றுவார்கள். அதே சமயம் காயத்தில் ரத்தம் கசிந்தால், மருந்தின் மேல் பழியைப் போட்டு நின்றுவிடாமல் உடனே சர்ஜனைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் மாமா