உடும்புக் குட்டிக்கு என்ன உணவு?

"உடும்புப் பிடி" என்ற சொல்லை நாம் அனைவரும் பேச்சில் பயன்படுத்துகிறோம். மராத்தி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதே பிராணி "கோர்பட்" என்ற பெயரில் அறிமுகம். 1670இல் தானாஜி மாலுசரே சிங்ககட் கோட்டையை மீட்டபோது, கயிறு கட்டிய உடும்பைச் சுவரில் ஏறவிட்டு வீரர்கள் மேலே சென்றதாக ஒரு கதை உண்டு. மாட்டுங்கா கச்சேரிகளில் கஞ்சிரா கேட்டிருப்பீர்கள். அதற்கு மரபாகப் போர்த்தி வந்ததும் உடும்புத் தோல்தான். ஆனால் உயிருள்ள உடும்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு.

மும்பையில் மழைக்காலம் வந்தால் உடும்புகள் குடியிருப்புகளுக்குள் வருவது வழக்கம். சென்ற ஆண்டு செம்பூரில் எங்கள் கட்டடத்துச் சிறுவன் ஒருவன், செருப்புப் பெட்டியில் ஓர் உடும்புக் குட்டியை வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுக்குப் பால் குடுக்கலாமா, இட்லி குடுக்கலாமா? அம்மாவைக் காணோம், பாவம்" என்றான். அன்றே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்தோம். ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கான விடையை மற்றப் பிள்ளைகளும் அறிந்துகொள்ளவே இப்பாடம்.

1. தாயைத் தேடும் குட்டி அல்ல

நம் ஊர்ப்பக்கங்களிலும் மும்பையிலும் காணப்படுவது வங்க உடும்பு. தாய் உடும்பு மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். பல மாதங்கள் கழித்துக் குட்டிகள் தாமே வெளிவரும். பால் கொடுப்பதோ இரை ஊட்டுவதோ இந்த இனத்தில் கிடையாது. பொரித்த குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். முதல் சில நாட்களுக்கு அதுவே சாப்பாடு. ஆகவே தனியாகத் திரியும் உடும்புக் குட்டி அநாதை அல்ல.

விஷம் என்ற பயமும் வேண்டாம். குட்டியின் உடலில் பட்டைகளும் புள்ளிகளும் பளிச்சென்று இருப்பதால், வடக்கத்தியர் அதனை "பிஷ்கோப்ரா" என்று அழைத்து, கடித்தால் மரணம் என நம்பி அடித்துக் கொல்கிறார்கள். உடும்பு கடித்தால் காயம் உண்டாகும், ஆள் சாவதில்லை.

2. காட்டில் அது உண்பது

வால்டர் ஆஃபன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் வங்க உடும்பை நெடுங்காலம் ஆராய்ந்து 1994இல் தனி நூலே வெளியிட்டார். உடும்பின் இரையில் பெரும்பங்கு வண்டுகளும் அவற்றின் புழுக்களும் போன்ற சிறு பூச்சிகளே. குட்டிக்கு வண்டு, வெட்டுக்கிளி, சிள்வண்டு, சிலந்தி, சிறு நத்தை ஆகியவை உணவு. வளர்ந்த பின் எலி, தவளை, நண்டு, மீன், பறவை முட்டை, செத்த பிராணி என்று பட்டியல் நீளும். பிளவுபட்ட நாக்கை நீட்டி மோப்பம் பிடித்து, மண்ணையும் சருகையும் கிளறித் தேடும். நாள் முழுவதும் நடந்து, பலவகை இரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதே அதன் முறை.

3. உணவு மட்டும் போதாது

நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவன். எந்த இயந்திரமானாலும் எரிபொருளை மட்டும் பார்த்தால் போதாது, அது எரிவதற்கு என்னென்ன வேண்டும் என்றும் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். உடும்புக்கும் இது பொருந்தும்.

முதலாவது வெப்பம். நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உடும்பு வெயிலில் காய்ந்துதான் சூடேற வேண்டும். அது சுறுசுறுப்பாக இயங்கும்போது உடல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்சாதன அறையிலோ நிழலான பெட்டியிலோ வைத்துத் தீனி போட்டால், இரை செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போகும்.

இரண்டாவது சுண்ணாம்புச் சத்து. எலும்பில்லாத கோழிக்கறியிலும் வளர்ப்புப் பூச்சிகளிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. காட்டில் சிறு பிராணிகளை எலும்போடும், நத்தையை ஓட்டோடும் விழுங்குவதால் அந்தக் குறை தீர்கிறது.

மூன்றாவது வெயிலின் புறஊதாக் கதிர். சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. ஆகவே ஜன்னலோரம் வைப்பதால் பயனில்லை.

இம்மூன்றும் ஒருங்கே அமையாவிட்டால் வளரும் குட்டியின் தாடை மென்மையாகும், கால்கள் வளையும், உடல் நடுங்கும். வயிறு நிறைந்த குட்டிதான் இப்படி மெல்ல மெல்லச் சாகிறது. ஊட்டியவருக்குக் காரணம் புரிவதே இல்லை.

4. வீட்டில் நாம் கொடுக்கக் கூடியவை

பால் ஊர்வனவற்றின் உணவே அல்ல. அதனைச் செரிக்கும் ஏற்பாடு அவற்றின் குடலில் இல்லை. சோறு, இட்லி, ரொட்டி ஆகியவையும் அப்படியே. சமையலறைக் கரப்பான் நல்ல இரையாயிற்றே என்று தோன்றலாம். மருந்து அடித்த வீட்டின் கரப்பானைத் தின்றால் குட்டிக்கும் விஷம் ஏறும்.

"அமெரிக்காவில் என் அத்தை பையன் வளர்க்கிறானே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது ஆப்பிரிக்காவின் சவானா உடும்பு. சூடேற்றும் விளக்கு, புறஊதா விளக்கு, தோண்டுவதற்கு ஆழமான மண், சுண்ணாம்புப் பொடி தூவிய பூச்சிகள் என்று அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டும். அப்படியும் எலியாகவே கொடுத்துக் கொழுப்பேறி, ஈரல் கெட்டு இறப்பவை பல.

நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வங்க உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் சட்டப்படி வேட்டைதான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கறி, எண்ணெய் என்று ஊரிலிருந்து கொண்டுவருவதும் குற்றமே.

5. செய்ய வேண்டியது

தோட்டத்திலோ புதரிலோ கண்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்துவிட்டாலோ அடிபட்டிருந்தாலோ மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். ஆள் வரும்வரை துளையிட்ட அட்டைப் பெட்டியில், வெயில் நேரே படாத, சந்தடியற்ற இடத்தில் வைக்கலாம். உணவு எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. சில மணி நேரப் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது. ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம்.

உடும்பை ஆசைதீரப் பார்க்க விரும்பும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்கும், மாமல்லபுரம் சாலையில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

அ) தனியாக இருக்கும் உடும்புக் குட்டி ஏன் அநாதை அல்ல?
ஆ) உடும்புக் குட்டியின் காட்டு உணவில் நான்கினைக் கூறுக.
இ) ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் ஏன் போதாது?
ஈ) குளிர்ந்த இடத்தில் உண்ட இரை என்னவாகும்?
உ) வீட்டுக்குள் உடும்பு வந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்?

விடைகளைப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதிப் பழகட்டும். பெற்றோர் அருகில் அமர்ந்து திருத்திக் கொடுக்க வேண்டுகிறேன்.