வீட்டு வண்டிப்பாதைக்கு ஏற்ற தளம்

நாஞ்சில் நாட்டில் புதிதாக வீடு கட்டுவோர் சுவருக்கும் கூரைக்கும் செலுத்தும் கவனத்தில் பத்திலொரு பங்கைக்கூடத் தெருவாசலிலிருந்து வீடுவரை வண்டி வரும் பாதைக்குச் செலுத்துவதில்லை. வேலை முடிந்தபின் கையில் மிஞ்சிய பணத்தைக்கொண்டு, அயல் வீட்டார் பதித்த கல்லையே தாமும் வாங்கிப் பதித்து, முற்றம் முழுவதையும் மூடிவிடுகின்றனர். அடுத்த மழையில் ஜலம் திண்ணையேறுகிறது. கோடையில் கிணறு வற்றுகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பிழையின் பலன்களாம்.

இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. 3 சென்ட் முற்றத்தில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்யுமாயின், விழும் ஜலம் சுமார் 12,000 லிட்டர். 2021 நவம்பர் வெள்ளத்தைக் கண்டோருக்கு இது மிகைக் கணக்காய்த் தோன்றாது. மண் முற்றம் இதில் ஒரு பங்கை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும். மூடிய முற்றமோ ஏறக்குறைய முழுவதையும் தாழ்ந்த இடத்துக்கு ஓட்டிவிடும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீருக்குக் குழி வெட்டிவிட்டு முற்றத்து நீரைத் தெருவில் விடுவது என்ன நியாயமோ, அறியோம்.

ஆகையால் கல்லைத் தேர்ந்தெடுக்குமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். பாதை வரும் இடத்தில் ஓரடி ஆழக் குழி தோண்டி, மாலையில் ஜலம் நிரப்பி, காலையில் பார்க்கவும். ஜலம் இறங்கியிருந்தால் மண் நல்லது. இறங்காமல் நின்றால் அடியில் களி உள்ளதென்று அறிக. தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுக்காக்களில் வயலை நிரப்பி எடுத்த மனைகளில் இவ்வாறு நிற்பதுண்டு. அங்கே மேலிருக்கும் சேற்று மண்ணை அகற்றிச் சரளை மண் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் நன்றாய் இடித்து இறுக்காவிடில், மேலே எதைப் பதித்தாலும் சக்கரத்தடம் பள்ளமாகும். பாதையின் ஓரமாக ஒரு வடிகாலும் அவசியம்.

ஆங்கில நாட்டில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஸ்தாக்களைச் சீர்திருத்திய மெக்கடம் என்பார் கண்ட உண்மை இதுவே. பாரத்தைத் தாங்குவது அடிமண். மேலிருக்கும் கல்லின் வேலை அம்மண் நனைந்து குழையாமற் காப்பது. அவர் பெரிய பாறைகளை அடியில் அடுக்குவதை விடுத்து, சிறு உடைகற்களைப் பரப்பி, நடுவில் சற்று உயர்த்தி, ஜலம் இருபுறமும் வழியச் செய்தார். நம் பாதைக்கும் 40 அடி நீளத்துக்கு ஓரடி வீதம் சரிவு போதும். அச்சரிவு வீட்டைவிட்டு விலகியதாயிருத்தல் வேண்டும்.

இனிப் பொருள்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வெட்டுக்கல் என்னும் செம்பாறை மலிவு. மண்ணுக்குள் இருக்கையில் மெதுவாயிருந்து, வெட்டியெடுத்துக் காற்றுப்பட்டபின் இறுகும் விசித்திரமுடையது. புக்கானன் என்பவர் மலையாள தேசத்து அங்காடிப்புறத்தில் இதனைக் கண்டு, செங்கல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் பெயரிட்டு 1807-ல் எழுதினார். இதன் சரளையும் ஒன்றரை அங்குலக் கருங்கல் ஜல்லியும் கலந்து 6 அங்குலம் பரப்பி இறுக்கினால் நெல் ஏற்றிய டிராக்டரும் வரலாம். வருஷந்தோறும் சிறிது சரளை போடவேண்டும், அவ்வளவே.

சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாயிருந்த காலத்தில் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கான்கிரீட் ரோடு போடப்பட்டது. அதன் புகழினாலோ என்னவோ, வீட்டு முற்றத்துக்கும் கான்கிரீட்டே உத்தமமென்று எண்ணுவோர் பலர். பெரும் பாரம் ஓடும் பொது ரஸ்தாவின் தேவை வேறு, நாளைக்கு இருமுறை ஒரு கார் வந்துபோகும் முற்றத்தின் தேவை வேறு. கான்கிரீட் போடுவதாயின் 4 அங்குலக் கனம், 10 அடிக்கு ஒரு இடைவெட்டு, 10 நாட்கள் விடாமல் ஈரம் ஆகியவை வேண்டும். குழாய் பழுதானால் உடைக்க நேரும்.

தற்காலத்து இன்டர்லாக் கற்கள் அந்த விஷயத்தில் மேல். பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். காருக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். ஆனால் இவற்றைக் கான்கிரீட்மேல் சாந்திட்டுப் பதிப்பது ஜலம் இறங்கும் வழியை அடைப்பதாம். ஜல்லிப் படுகையின்மேல் ஓரங்குல மணல் பரப்பி, ஓரக்கல் நாட்டிப் பதிக்கவும். மணல் கடற்கரையினின்று வேண்டா, அதில் உப்புண்டு. மெருகிட்ட கிரானைட்டும் வழவழப்பான ஓடும் நிழல் முற்றத்தில் பாசி பிடித்து வயோதிகரை வீழ்த்துவன. அவற்றை நாம் முற்றிலும் ஒதுக்குகிறோம்.

கைச்செலவு குறைவாகவும் கிணற்றுக்கு நன்மையாகவும் உள்ளது இரட்டைத் தடப் பாதையே. சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் 2 அடி அகலமாக இரு பட்டைகள், நடுவே 3 அடி இடைவெளி. 40 அடி நீளத்தில் 10 அடி அகலத்தை முழுதும் மூட 400 சதுர அடி தளம் வேண்டும். பட்டைகளுக்கு 160 போதும். மிச்சம் மண்ணாகவே நிற்கும். நடுவில் புல் வளர்க்கலாம். ஆனால் ஆட்டோ ரிக்ஷா வந்துபோகும் வீடாயின் அதன் முன்சக்கரம் நடுவில்தான் உருளும். அங்கே புல்லை விடுத்து, பட்டையின் மட்டத்துக்குச் சரளையிட்டு இறுக்கவும்.