விடியற்காலையும் ரத்தக்கட்டியும்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். 'ரத்தம் உறைவதும் மாரடைப்பு வருவதும் விடியற்காலையில்தான்' என்று யாரோ சொல்ல, நாலரை மணிக்கே நடக்கக் கிளம்புகிறவர் இப்போது ஏழு மணி வரை எழுவதே இல்லை. காலையில் போடும் ஆஸ்பிரினையும் இரவுக்கு மாற்றப்போகிறாராம். சரியா டாக்டர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பா கேள்விப்பட்டது பொய்யில்லை, மணியைத்தான் கொஞ்சம் மாற்றிப் பிடித்துக்கொண்டார். 1985-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், மாரடைப்பு அதிகம் தொடங்கியது காலை 9 மணிவாக்கில். இரவு 11 மணியோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு.

இதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். எழுந்து நிற்கும்போது அட்ரினலின் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. படுத்தே இருந்தவர்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. 'பார்த்தாயா, நான் படுத்திருப்பதுதான் சரி' என்பார் அப்பா! ஆனால் எப்போது எழுந்தாலும் ஒருமுறை எழுந்துதானே ஆக வேண்டும்? கிடையாகக் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து தனி.

இரண்டாவது காரணம்தான் எனக்கு வியப்பானது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஏற்பாடு உடம்பிலேயே இருக்கிறது. அதன் கையைக் கட்டிப்போடும் பி.ஏ.ஐ-1 என்ற புரதம் காலை ஆறரை மணிவாக்கில் உச்சத்துக்குப் போகிறது. நாம் தூங்கினாலும் விழித்தாலும் அது மாறுவதில்லை. உடலின் உள்கடிகாரம் நடத்தும் வேலை அது. ஆக, கட்டி உருவாக வாய்ப்பு கூடும் வேளையிலேயே கரைக்கும் சக்தியும் மந்தமாகிவிடுகிறது.

ஆஸ்பிரின் விஷயத்தில் அப்பாவின் யோசனை அபத்தமல்ல. இரவில் போட்டால் காலையில் தட்டணுக்கள் ஒட்டுவது குறைகிறது என்று நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் மாரடைப்பு குறையுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் ஒரு வேளையும் தவறவிடாமல் போடுவதே முக்கியம். நேரம் மாற்றுவதை உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் போட வேண்டாம்.

நடையை நிறுத்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்ததும் கட்டிலில் சில நிமிடம் உட்காரட்டும், முதல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கட்டும். நாலரைக்குப் பதில் ஆறு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மாலையில் நடந்தாலும் சரிதான்.

ஒன்று மட்டும்: ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு இறுகினால், 'இது காலை நேரமில்லையே' என்று வாயுக்கு மாத்திரை தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.